கைவிரிக்கலாமா?

நம் மொழியில் ‘கைவிரித்தல்’ என்றொரு சொல்வழக்கு உண்டு. கடன் கேட்டு வந்த அறைத்தோழனுக்கு மாதக் கடைசியில் நாம் கையை விரிக்கிறோம். நன்கொடை கேட்டுச் சென்றால் செல்வர் சிலர் நமக்குக் கையை விரிக்கிறார்கள். இவற்றால் பெரிய கேடு ஒன்றும் விளைந்துவிடுவதில்லை. கேட்டவர் வேறு வாயிலை நாடிச் செல்லலாம். ஆனால் “டாக்டர் கையை விரித்துவிட்டார்” என்ற சொல் ஒரு வீட்டுக்குள் நுழையுமாயின், அன்று அந்த வீட்டில் அடுப்பு எரிவதில்லை. நோயாளியைக் கட்டிலோடு வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். உற்றாரும் உறவினரும் வந்து பார்த்துப் போகிறார்கள். இரவெல்லாம் அவர் அரற்றும் குரலைக் கேட்டபடி வீட்டார் விழித்துக் கிடக்கிறார்கள். இனி நடக்கவேண்டியது ஒன்றே என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

இந்தக் கைவிரிப்பைப் பற்றித்தான் நம் சங்கத்தின் மலரில் எழுத விரும்பினேன். நோயை நீக்க இயலவில்லை என்பது ஒரு செய்தி. நோயாளிக்குச் செய்ய ஒன்றுமே இல்லை என்பது முற்றிலும் வேறொரு செய்தி. முன்னது பல நேரங்களில் உண்மை. பின்னது பெரும்பாலும் உண்மையன்று. இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்லும் பழக்கம் நம் நாட்டில் எத்தனையோ மக்களைத் தேவையற்ற வலியில் தள்ளியிருக்கிறது. நான் மருத்துவ மாணவனல்லன், பௌதிகம் பயில்பவன். எனினும், எலும்பில் பரவிய புற்றுநோயின் வலியைப் பனியால் தணிக்கும் ஒரு முறையைப் பற்றிப் படிக்கப் புகுந்தபோது, இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு எனக்குத் தெளிவாயிற்று. அதனை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எலும்புக்குள் ஒரு கறையான்

புற்றுநோய் தோன்றிய இடத்திலேயே தங்கிவிடுவதில்லை என்பதை நாம் அறிவோம். மார்பகம், ஆண்களின் புராஸ்டேட் சுரப்பி, நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகிய இடங்களில் தோன்றும் புற்றுகள் எலும்பைத் தேடிப் போவதில் முன்னிற்பவை. முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா, தொடையெலும்பு ஆகியவை அவை விரும்பிக் குடியேறும் இடங்கள்.

எலும்பு என்றால் கல்லைப்போல் அசைவற்றுக் கிடப்பது என்று எண்ணிவிடக் கூடாது. அது நாள்தோறும் இடிக்கப்பட்டும் கட்டப்பட்டும் வருகின்ற ஒரு வீடு. இடிக்கும் உயிரணுக்கள் ஒருபுறம், கட்டும் உயிரணுக்கள் மறுபுறம் என அளவறிந்து வேலை செய்கின்றன. புற்று உள்ளே புகுந்ததும் இந்த அளவு கெடுகிறது. இடிப்பவர்களை அது தூண்டிவிடுகிறது. அவை சுரக்கும் அமிலம் எலும்பைக் கரைப்பதோடு அருகிலுள்ள நரம்பு நுனிகளையும் உறுத்துகிறது. எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் நரம்புகள் மிகுதி. கட்டி பருக்கப் பருக்க அந்த உறை இழுபடுகிறது. அரிக்கப்பட்ட எலும்பில் நுண்ணிய வெடிப்புகளும் விழுகின்றன. ஆகவேதான் படுத்தால் வலி, புரண்டால் வலி, இருமினால் வலி. பகலைவிட இரவில் வலி கூடுதல். கறையான் அரித்த உத்தரத்தின் கீழ்க் குடியிருப்பவன் எப்படித் துணிந்து கண்மூடுவான்?

இந்த நிலையை அடைந்த நோயாளிகளுள் பெரும்பாலோருக்கு நோயை அடியோடு அழிக்க இன்று வழியில்லை. அதனால் அவர் அடுத்த வாரமே இறந்துவிடுவார் என்பதில்லை. மார்பகப் புற்றும் புராஸ்டேட் புற்றும் எலும்பில் பரவிய பின்னரும் ஆண்டுக் கணக்கில் வாழ்பவர்கள் உண்டு. அந்த ஆண்டுகளை அவர்கள் எப்படிக் கழிப்பது? இதுதான் கேள்வி.

குல்பிப் பானையிலிருந்து ஆர்கான் ஊசி வரை

நம் விடுதி வாசலில் கோடைக்காலத்தில் குல்பி விற்பவரைப் பார்த்திருப்பீர்கள். மட்பானையில் பனிக்கட்டியை உடைத்துப் போட்டு, அதன்மேல் உப்பைத் தூவுகிறார். உப்பு கலந்ததும் பனிக்கட்டி உருகுகிறது. ஆனால் அதன் குளிர்ச்சி சுழிக்கும் கீழே இறங்குகிறது. அந்தக் குளிரில் பால் இறுகிக் குல்பியாகிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் பிரைட்டன் நகரத்து மருத்துவர் ஜேம்ஸ் ஆர்நாட் செய்ததும் இதுவே. பொடித்த பனிக்கட்டியையும் உப்பையும் கலந்து, சுழிக்குக் கீழே ஏறத்தாழ 20 டிகிரி சென்டிகிரேடு வரை குளிர வைத்து, வெளியே தெரியும் புற்றுப் புண்களின்மேல் வைத்தார். கட்டி சுருங்கியது, குருதிக் கசிவு குறைந்தது, யாவற்றுக்கும் மேலாக வலி தணிந்தது. தம் கருவியை 1851-இல் இலண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியிலும் அவர் வைத்தார்.

அதே 1850-களில் ஜூல் என்பவரும், பின்னாளில் கெல்வின் பிரபு என்று புகழ்பெற்ற வில்லியம் தாம்சனும் வேறொரு சோதனையில் ஈடுபட்டிருந்தனர். மிகுந்த அழுத்தத்தில் அடைத்த வாயுவை ஒரு நுண்ணிய தடையின் வழியே விட்டு விரியச் செய்தால் அதன் வெப்பநிலை மாறுகிறது என்று கண்டனர். பௌதிக வகுப்பில் நாம் மனப்பாடம் செய்து, தேர்வெழுதி, மறந்துவிடும் ஜூல்–தாம்சன் விளைவு இதுதான். மின்விளக்குக் குமிழில் அடைக்கும் ஆர்கான் வாயு இவ்வாறு விரியும்போது கடுங்குளிர் அடைகிறது. பலூனில் அடைக்கும் ஹீலியமோ அறை வெப்பத்தில் இவ்வாறு விரியும்போது சற்றே சூடாகிறது! இந்த முரண்பாட்டை ஏன் படிக்கிறோம் என்று நம்மில் பலர் சலித்துக்கொண்டிருக்கிறோம். நோயாளியின் இடுப்பெலும்புக்குள் அதற்கு வேலை இருக்கிறது என்று யார் கண்டார்கள்?

ஆர்நாட்டின் முறை உடலின் மேற்பரப்போடு நின்றுவிட்டது. 1961-இல் நியூயார்க் நகரத்து மூளை அறுவை மருத்துவர் இர்விங் கூப்பர், ஆர்னால்டு லீ என்பவரோடு சேர்ந்து, திரவ நைட்ரஜன் ஓடும் குழல் ஒன்றை வெளியிட்டார். சுழிக்குக் கீழே 196 டிகிரிக் குளிர் அதில் ஓடியது. பனியை உடலின் ஆழத்துக்கே கொண்டுசெல்ல அது வழிகாட்டிற்று. ஆனால் அந்தக் கருவிகள் பருமனானவை. 1990-களில் ஆர்கான் வாயுவைக் கொண்டு இயங்கும் மெல்லிய ஊசிகள் வந்தன. இன்று அவ்வூசிகளுள் சில ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் பருமனே உள்ளவை. நுனியில் மட்டும் பனி உருவாகும். தண்டுப் பகுதி குளிர் தாக்காதவாறு காக்கப்பட்டிருக்கும். ஆர்கானைத் திறந்தால் நுனி சுழிக்குக் கீழே நூறு டிகிரிக்கும் அப்பால் குளிர்கிறது; ஹீலியத்தைத் திறந்தால் உருகுகிறது.

பனியைக் கண்ணால் காணலாம்

சிகிச்சை நடைபெறும் முறை இது. நோயாளியை மயக்கத்திலோ அரைமயக்கத்திலோ சி.டி. படக்கருவியின் மேசையில் கிடத்துகிறார்கள். தோலில் சிறு துளையிட்டு, படத்தைப் பார்த்துப் பார்த்து ஊசியைக் கட்டிக்குள் செலுத்துகிறார்கள். கெட்டியான எலும்பு குறுக்கிட்டால் முதலில் துளைபோட்டு வழிசெய்கிறார்கள். கட்டி பெரிதானால் பல ஊசிகள் வேண்டும். பொதுவாகப் பத்து நிமிடம் உறைய வைத்து, சில நிமிடம் உருகவிட்டு, மீண்டும் பத்து நிமிடம் உறைய வைக்கிறார்கள்.

ஏன் இருமுறை? முதல் உறைவில், உயிரணுக்களுக்கு வெளியே உள்ள நீர் பனியாகிறது. உள்ளிருக்கும் நீர் உறிஞ்சப்பட்டு அணு வாடுகிறது. குளிர் மிகும்போது அணுவின் உள்ளேயும் பனி ஊசிகள் முளைத்து அதன் சுவரைக் கிழிக்கின்றன. உருகும்போது வெளிநீர் உட்புகுந்து அணு வீங்கி வெடிக்கிறது. கட்டிக்கு உணவூட்டும் நுண்குழாய்களில் குருதி உறைந்து வழி அடைபடுகிறது. இத்தனைக்கும் தப்பியவற்றை இரண்டாம் உறைவு முடிக்கிறது.

இம்முறையின் தனிச்சிறப்பு, பனி படத்தில் தெரிவதுதான். உறைந்த பகுதி சி.டி. படத்தில் சுற்றியுள்ள தசையைவிடக் கருத்து, முட்டை வடிவில் தோன்றும். கெட்டியான எலும்புக்குள் அது தெளிவாகத் தெரியாது. ஆனால் புற்று அரித்து மென்மையாக்கிய இடத்திலும் அதனைச் சூழ்ந்த தசையிலும் நன்கு தெரியும். ஓரம் எங்கே இருக்கிறது, நரம்புக்கும் அதற்கும் இடைவெளி எவ்வளவு என்று அளந்து அளந்து நிறுத்தலாம். ஆனால் அந்த ஓரம் சுழி டிகிரிதான். புற்றணுக்கள் நம்பகமாக மடிவதற்குச் சுழிக்குக் கீழே 20 முதல் 40 டிகிரி வேண்டும். ஆகவே கட்டியின் எல்லையைச் சில மில்லிமீட்டர் கடந்து பனி வளர வேண்டும். குடலோ பெருநரம்போ அருகிலிருந்தால் இடையில் கரியமில வாயுவையோ திரவத்தையோ செலுத்தி விலக்கிவைக்கிறார்கள்.

வெப்பத்தால் கட்டியைச் சுடும் முறையும் உண்டு. ஆனால் சூட்டைவிடக் குளிருக்கு ஓர் அருட்குணம் உண்டு: அது தானே உணர்வை மரக்கச் செய்வது. அடிபட்ட இடத்தில் பனிக்கட்டியை வைக்கும் தாய்மார் அறிந்த உண்மை இது.

குறைகளையும் சொல்லவேண்டும். நரம்பு பழுதுபடலாம், தோல் குளிரால் புண்படலாம், அரிக்கப்பட்ட எலும்பு முறியலாம். பனி கட்டியைக் கொல்லுமேயன்றி எலும்பைக் கட்டாது. அதனால் உடலின் எடையைத் தாங்கும் எலும்பாயின், பின்னர் எலும்புச் சிமெண்டை உட்செலுத்தி வலுவூட்டுவதும் உண்டு. தண்டுவடத்தை ஒட்டிய கட்டிகளில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். உடலில் பத்து இடங்களில் வலிக்கும் நோயாளிக்கு இது ஏற்றதன்று. ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் வலி குவிந்திருப்பவர்க்கே இது பொருந்தும்.

பயன் என்ன? 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் பல மருத்துவமனைகளைச் சேர்ந்த 61 நோயாளிகளுக்கு இச்சிகிச்சை செய்யப்பட்டது. வலியே இல்லையென்றால் 0, எண்ணக்கூடிய மிகக் கொடிய வலியென்றால் 10 என்பது கணக்கு. சிகிச்சைக்கு முன் அவர்களுடைய உச்ச வலியின் சராசரி 7.1. ஒரு வாரத்தில் அது 5.1 ஆயிற்று, 4 வாரத்தில் 4.0, 8 வாரத்தில் 3.6, 24 வாரத்தில் 1.4. இவ்வளவு நாள் தொடர்ந்து விடையளிக்க உயிரோடும் நலத்தோடும் இருந்தவர்களின் கணக்கு இது என்பதையும், ஒப்பிட்டுப் பார்க்க மறுகுழு வைக்காத ஆய்வு இது என்பதையும் மறைக்கக் கூடாது. அவற்றைக் கழித்துப் பார்த்தாலும், வலியில் ஏழு பங்கிலிருந்து நான்கு பங்குக்கு இறங்குவது சிறு காரியமன்று. ஏழு என்பது உறக்கத்தைப் பறிக்கும் வலி. நான்கு என்பது பேரனோடு பேசவிடும் வலி.

“ஏழை நாட்டுக்கு இது ஏன்?”

இதைப் படித்தவுடன் சிலர் கேட்பர்: “அம்மை ஊசிக்கும் காய்ச்சல் மாத்திரைக்கும் வரிசையில் நிற்கும் நாட்டில், ஆர்கான் ஊசிக்கு எங்கே போவது? அதுவும் சாகப்போகிறவர்களுக்கு!”

கேள்வியில் இரண்டு பகுதிகள் உள்ளன. இரண்டுக்கும் தனித்தனியே விடை சொல்கிறேன்.

விலை பெரிது என்பது மெய். ஊசிகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை; ஒருமுறை பயன்படுத்தியபின் எறியப்படுபவை. பெருநகரங்களின் ஒருசில மருத்துவமனைகளிலேயே இச்சிகிச்சை கிடைக்கிறது. நாளைக்கே மாவட்ட மருத்துவமனை ஒவ்வொன்றிலும் பனி ஊசி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வலிக்கு ஒரு வரிசை முறை உண்டு. அந்த வரிசையின் முதற்படிகள் மலிவானவை. அவற்றைக்கூட நாம் ஒழுங்காகக் கட்டவில்லை என்பதே என் குறை.

முதற்படி மருந்து. புற்றுநோய் வலிக்கு எளிய மாத்திரையில் தொடங்கி மார்ஃபின் வரை படிப்படியாக ஏறும் முறையை உலகச் சுகாதார நிறுவனம் 1986-இலேயே வகுத்துத் தந்தது. மார்ஃபின் எதிலிருந்து கிடைக்கிறது? அபினியிலிருந்து. அபினி எங்கே விளைகிறது? நம் நாட்டிலே! மத்தியப் பிரதேசத்திலும் இராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமம் பெற்ற வயல்களில் கசகசாச் செடி வளர்கிறது. நீமச்சிலும், கங்கைக் கரையிலுள்ள காஜிப்பூரிலும் அரசின் ஆலைகள் உள்ளன. உலகின் வலிக்கு மூலப்பொருள் தந்த நாடு இது. ஆனால் 2017-இல் லான்சட் மருத்துவ இதழ் அமைத்த குழு கணக்கிட்டபோது, இந்நாட்டு நோயாளிகளுக்குக் கிடைத்த மார்ஃபின் வகை மருந்து தேவையில் ஏறத்தாழ 4 விழுக்காடே என்று கண்டது. கரும்பு விளையும் ஊரில் காப்பிக்குச் சர்க்கரை இல்லாத கதை!

போதைப்பொருள் தடுப்புக்காக 1985-இல் இயற்றப்பட்ட சட்டம் இதற்கொரு காரணம். கடத்தல்காரனைப் பிடிக்க விரித்த வலையில் மருத்துவமனை சிக்கிக்கொண்டது. பல உரிமங்கள் வேண்டும் என்றதும் மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் மார்ஃபினை வைத்திருக்கவே அஞ்சின. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, நாடு முழுமைக்கும் ஒரே முறை வகுக்கப்பட்டது. ஆனால் சட்டம் மாறிய அளவுக்கு அச்சம் மாறவில்லை. வழியில்லை என்று சொல்வோருக்கு நம் அண்டை மாநிலமே சான்று. கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் 1993-இல் டாக்டர் இராஜகோபாலும் அவர்தம் நண்பர்களும் தொடங்கிய வலி தணிப்புச் சங்கம் கேரளமெங்கும் கிளைவிட்டது. நோயாளியின் வீட்டு வாசலுக்கே மருந்து சென்றது. பணக்கார நாடாக மாறிய பிறகு அவர்கள் அதைச் செய்யவில்லை.

இரண்டாம் படி கதிர்வீச்சு. எலும்பு வலிக்குப் பத்து நாள் பத்துத் தவணையாகக் கதிர் பாய்ச்சுவதும் உண்டு. 8 கிரே அளவை ஒரே நாளில் பாய்ச்சி முடிப்பதும் உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் இரண்டிலும் வலி குறைந்தவர்கள் பத்தில் ஏறத்தாழ ஆறு பேர். ஒரே தவணையில் முடித்தவர்களுக்குப் பின்னொருகால் மீண்டும் கதிர் தேவைப்படுவது சற்று மிகுதி, அவ்வளவே வேறுபாடு. கூலிவேலையை விட்டு, ஊரை விட்டு, மருத்துவமனை நடைபாதையில் படுத்துக் கிடக்கும் குடும்பத்துக்குப் பத்து நாளுக்கும் ஒரு நாளுக்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்க வேண்டுமா?

பத்தில் ஆறு என்றால், மீதி நான்கு பேர்? அவர்களுக்காகவே மூன்றாம் படியாகப் பனி ஊசி நிற்கிறது. கதிர்வீச்சு பயன்தராதவர், அதே இடத்தில் மேலும் கதிர் தாங்காதவர், மார்ஃபினால் மயங்கிக் கிடந்தும் வலி தீராதவர் ஆகியோருக்கு அது ஏற்றது. முதல் இரண்டு படிகள் ஊர்தோறும் அமைந்தால், மூன்றாம் படிக்கு வருவோர் தொகை குறையும். மாநிலத்துக்குச் சில நிலையங்களில் அரசே அச்செலவை ஏற்றால் போதும். இது இயலாத காரியமன்று.

“சாகப்போகிறவர்களுக்கு ஏன்” என்பது கேள்வியின் இரண்டாம் பகுதி. சாகப்போகாதவர் நம்மில் யார்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கை புற்றுநோயால் துன்புற்று மாண்டதைக் கண்டவர். அந்த நோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று அவர் அலைந்தபோது, பிழைக்காத நோய்க்கு மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். அவர் கையை விரிக்கவில்லை. கையேந்திப் பொருள் திரட்டினார். 1954-இல் அடையாற்றில் சிறு குடிலில் தொடங்கிய மருத்துவமனை இன்று எப்படி ஓங்கி நிற்கிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

வலியைப் பொறுப்பதே பெருமை என்று பேசுவோரும் உண்டு. அடுத்தவர் வலியைப் பொறுத்துக்கொள்வது எவருக்கும் எளிதுதான்.

வலிக்கு மொழி உண்டு

இனி, தமிழ் மாணவராகிய நமக்கு நேரே தொடர்புடைய ஒன்றைச் சொல்கிறேன்.

இந்தத் தலைநகரில் சேலம், விழுப்புரம் பக்கங்களிலிருந்து வந்து வீட்டுவேலை செய்து வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அத்தகைய குடும்பத்தைச் சேர்ந்த, அறுபதைக் கடந்த ஓர் அம்மையாருடன் மொழிபெயர்க்கச் சென்ற ஆண்டு ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். மார்பகப் புற்றுக்கு முன்பே அறுவை நடந்தவர். இப்போது இடுப்பெலும்பில் பரவியிருந்தது. வேறொரு மருத்துவமனையில் ஏற்கெனவே கையை விரித்திருந்தார்கள். மருத்துவர் இந்தியில் கேட்டார்: “சுழியிலிருந்து பத்து வரை, வலி எவ்வளவு?” நான் தமிழில் கேட்டேன். அம்மையார் தாழ்ந்த குரலில், “ரெண்டோ மூணோ இருக்கும்னு சொல்லு தம்பி” என்றார். முகமோ வேறு சொல்லிற்று. “அம்மா, ராத்திரி தூங்குறீங்களா?” என்று கேட்டேன். “எங்க தம்பி? உக்காந்தே விடியுது. எலும்புக்குள்ள வண்டு பூந்து கொடையற மாதிரி இருக்கு. நெறையச் சொன்னா டாக்டரு கோவிச்சுக்குவாரு” என்றார். அதனை அப்படியே, வண்டையும் விடாமல், இந்தியில் சொன்னேன். மருத்துவர் எழுதியிருந்த எண்ணை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினார். ஒரே தவணைக் கதிர்வீச்சும் மார்ஃபின் மாத்திரையும் கிடைத்தன. மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது அம்மையார் சொன்ன முதற்சொல், “நேத்து மல்லாக்கப் படுத்துத் தூங்கினேன் தம்பி” என்பதே. அவருக்குப் பனி ஊசி தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தாலும், மூன்று என்று எழுதியிருந்தால் அதற்கு வழி பிறந்திராது. வலி நான்குக்குக் குறைந்தவரை அந்த ஆய்வுகளில் சேர்ப்பதே இல்லை.

குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், விண்விண்ணென்று தெறித்தல் என்று வலிக்கு எத்தனை சொற்கள் வைத்திருக்கிறோம்! ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒரு துப்பு. எரிச்சல் என்றால் நரம்பு தாக்கப்பட்டிருக்கலாம். அசைந்தால் சுரீரென்றால் எலும்பில் வெடிப்பு இருக்கலாம். எந்தக் கருவியும் வலியை அளப்பதில்லை. நோயாளியின் வாய்ச்சொல்லே அளவுகோல். அந்தச் சொல் மொழி தெரியாத ஊரில் ‘தர்த்’ என்ற ஒரே சொல்லாகச் சுருங்கிவிட்டால், சிகிச்சையும் சுருங்கிவிடும்.

நாம் செய்யக்கூடியவை

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், மருத்துவத்துக்கு உறுப்புகளாக நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் என நான்கைக் கூறினார். நான்காம் இடம் பெரும்பாலும் ஆளின்றிக் கிடக்கிறது. அந்த இடம் நமக்குரியது.

நம் சங்கம் பொங்கல் விழா நடத்துகிறது, பட்டிமன்றம் நடத்துகிறது, நாடகம் போடுகிறது. மகிழ்ச்சியே. அவற்றோடு, மருத்துவமனைக்கு வரும் தமிழ் நோயாளிகளுக்கு மொழிபெயர்க்க முன்வருவோரின் பட்டியல் ஒன்றையும் வைத்துக்கொள்ளலாகாதா? வாரத்துக்கு ஒருவர் இரண்டு மணி நேரம் தந்தால் போதும். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லவும், கேட்டதை வெளியே பேசாதிருக்கவும் பழகிக்கொண்டால் போதும். வலிக்குரிய தமிழ்ச் சொற்களையும் அவற்றுக்கு நேரான இந்திச் சொற்களையும் ஒரு தாளில் அச்சிட்டு மருத்துவர்களிடம் கொடுக்கலாம்.

மருத்துவம் பயிலும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். “இனி ஒன்றுமில்லை” என்ற சொற்றொடரை உங்கள் நாவு பழகாதிருக்கட்டும். “நோயை நீக்க முடியவில்லை, வலியைக் குறைக்க முடியும், அதற்கான வழிகள் இவை” என்று சொல்லப் பழகுங்கள். சட்டம் பயில்வோர் 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்தைப் படித்து, மார்ஃபின் வைத்திருக்க என்ன வேண்டும் என்பதை எளிய தமிழில் எழுதித் தாருங்கள். ஊரிலுள்ள சிறு மருத்துவமனைகளின் அச்சம் தெளியும். என்னைப் போன்று பௌதிகமும் பொறியியலும் பயில்வோருக்கும் வேலை இருக்கிறது. ஆர்கான் ஊசியின் அடிப்படை நம் பாடநூலில் இருக்கிறது. அதனை இந்நாட்டில், இந்நாட்டு விலையில் செய்ய முடியாதா? ஆராய்ச்சிக்குத் தலைப்புத் தேடி அலைவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

பட்டியல் வைப்பது பற்றிச் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் நான் முன்மொழிய இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் எழுந்தால் அன்றே தொடங்கிவிடலாம். முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். செவ்வாயும் வெள்ளியும் பிற்பகலில் எனக்கு வகுப்பில்லை.